பாறையிலிருந்து மண்ணுக்கு: பெர்முடாவின் கஹாவ் பறவை வீடு திரும்பிய வரலாறு

அட்லாண்டிக் பெருங்கடலில், வட அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பெர்முடா இருக்கிறது. அவிந்துபோன எரிமலையின் உச்சியில் சுண்ணாம்புப் பாறை படிந்து உருவான தீவுக்கூட்டம். மொத்தப் பரப்பு 54 சதுர கிலோமீட்டர்தான். உலகில் வேறெங்கும் முட்டையிடாத ஒரு கடற்பறவைக்கு இதுவே தாயகம். உள்ளூரில் அதற்குக் கஹாவ் என்று பெயர். பறவையியலாளர்கள் பெர்முடா பெட்ரல் என்பார்கள். 1620களிலேயே அற்றுப்போய்விட்டதாக உலகம் முடிவுகட்டிவிட்ட அந்தப் பறவை, 1951-ல் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இறந்ததாக எண்ணப்பட்ட ஓர் உயிரினம் மீண்டும் கிடைத்த செய்தி அன்று பெரிதாகப் பேசப்பட்டது. இன்றும் கஹாவ் என்றால் அந்தக் கண்டுபிடிப்பைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆனால் 1951-ல் அது கிடைத்த இடம் அதன் வீடு அல்ல. மனிதனுக்கும் எலிக்கும் பன்றிக்கும் தப்பி ஒண்டிக்கொண்டிருந்த மொட்டைப் பாறை அது. தன் சொந்த மண்ணில், தன் முன்னோர் வாழ்ந்த தீவில், மீண்டும் ஒரு கஹாவ் குஞ்சு வளர்ந்து கடலுக்குப் பறந்தது 2009-ல்தான். கண்டுபிடிப்புக்கும் வீடு திரும்புதலுக்கும் இடையே 58 ஆண்டுகள். அந்த 58 ஆண்டுகளில் என்ன வேலை நடந்தது, ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அழியும் நிலையிலுள்ள உயிர்களைக் காப்பது பற்றி நாம் பேசும்போது எதை மறந்துவிடுகிறோம் என்பதற்கான விடை அந்த ஆண்டுகளில் இருக்கிறது.

பறவையும் அதன் நிலமும்

கஹாவ் பெரிய பறவை இல்லை. சிறகு விரித்தால் மூன்றடி அகலம். எடை கால் கிலோ அளவு. முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு வெள்ளை, தலையில் கருந்தொப்பி போட்டதுபோல் அடர்நிறம். அலகின் மேல் குழாய் வடிவில் மூக்குத் துளைகள். கடல்நீரைக் குடித்து, உடலில் சேரும் மிகையான உப்பைச் சுரப்பிகள் வழியே பிரித்து வெளியேற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. அதனால் வாழ்நாளின் பெரும்பகுதியை அது கரையே காணாமல் நடுக்கடலில் கழிக்கிறது. கணவாய், சிறுமீன், இறால் வகைகள் அதன் உணவு.

கரைக்கு வருவது இனப்பெருக்கத்துக்கு மட்டுமே. அதுவும் இருட்டில் மட்டுமே. அக்டோபர் கடைசியில் பறவைகள் பெர்முடாவை நாடி வரத் தொடங்கும். நிலவில்லாத இரவுகளில் தீவுக்கு மேலே வட்டமிட்டு, ஓலமிட்டபடி இணை தேடும். ஜனவரியில் ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் முறைவைத்து, ஒன்று கடலுக்குப் போனால் மற்றது பட்டினியாக அமர்ந்து, ஐம்பது நாளுக்கு மேல் அடைகாக்கும். மார்ச்சில் குஞ்சு பொரியும். மே இறுதியிலோ ஜூனிலோ குஞ்சு தனியாகக் கடலுக்குப் போய்விடும். தாய் தந்தையர் அதற்கு முன்பே கிளம்பியிருப்பார்கள். வழிகாட்ட யாரும் இல்லை. அந்தக் குஞ்சு மீண்டும் நிலத்தை மிதிக்க மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும். மிதிக்கும்போது, தான் பிறந்த இடத்தைத் தேடியே வரும்.

கூடு என்பது மண்ணில் தோண்டிய வளை. காலால் மண்ணைப் பறித்து, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமாகச் சுரங்கம்போல் தோண்டி, அதன் கோடியில் ஒரு சிறு அறை அமைத்து முட்டையிடும். அந்த அறைக்குள் பகல் வெளிச்சம் எட்டக் கூடாது. ஆக, கஹாவுக்கு மூன்று தேவைகள்: தோண்டுவதற்கு ஆழமான மண், இருண்ட இரவு, தரையில் நடந்து வேட்டையாடும் பாலூட்டிகள் இல்லாத தீவு. பழைய பெர்முடாவில் இந்த மூன்றும் இருந்தன. செடார் மரக் காடுகளின் கீழே ஆழமான மண் கிடந்தது. வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி எதுவும் அங்கே இல்லை. இரவில் விளக்கேற்ற மனிதர் இல்லை. புதைபடிவ எலும்புகளைக் கொண்டு பார்க்கும்போது, மனிதர் வருமுன் அங்கே கஹாவ்கள் லட்சக்கணக்கில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு.

பத்தே ஆண்டுகளில் ஓர் அழிவு

பதினாறாம் நூற்றாண்டில் அவ்வழியே கப்பலோட்டிய ஸ்பானிய மாலுமிகள் பெர்முடாவைப் பேய்த்தீவு என்று அஞ்சினார்கள். இரவில் ஆயிரக்கணக்கான கஹாவ்கள் எழுப்பிய ஓலமும், சுற்றிலும் கப்பலைக் கிழிக்கும் பவளப்பாறைகளும் அந்த அச்சத்துக்குக் காரணம். அச்சம் இருந்தவரை பறவைக்குப் பாதுகாப்பு இருந்தது. ஆனால் கப்பல் உடைந்து ஒதுங்குவோருக்கு உணவாகட்டும் என்று தீவில் விடப்பட்ட பன்றிகள் அதற்குள் பெருகிவிட்டன. மண்ணைக் கிளறி வளையைத் தோண்டும் பன்றிக்கு, தரைக்குள் முட்டையிடும் பறவையைவிட எளிய இரை இல்லை. பெரிய தீவுகளில் கஹாவ் முதலில் ஒழிந்தது இப்படித்தான்.

1609 ஜூலையில், வர்ஜீனியா குடியேற்றத்துக்குப் போய்க்கொண்டிருந்த 'சீ வென்ச்சர்' என்ற ஆங்கிலேயக் கப்பல் புயலில் சிக்கிப் பெர்முடாவின் பாறைகளில் மோதி நின்றது. அதில் தப்பியவர்களில் ஒருவர் வில்லியம் ஸ்ட்ரேச்சி. பறவை பிடித்த விதத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார். இரவில் கரையோரப் பாறையில் நின்று உரக்கக் கூவினால் போதும். சத்தம் கேட்டுப் பறவைகள் வந்து கைகளிலும் தலையிலும் அமரும். ஆட்கள் அவற்றைக் கையில் தூக்கி எடை பார்த்துக் கனமானவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் இருபது டஜன் சேர்ந்துவிடும். மனிதனை அறியாத ஓர் உயிரின் வெகுளித்தனம் அந்தக் குறிப்பில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

1612-ல் முறையான குடியேற்றம் தொடங்கியது. சில ஆண்டுகளில் தானியக் கப்பலோடு எலியும் வந்து சேர்ந்தது. எலி பயிரைத் தின்றது, பஞ்சம் வந்தது. ஆளுநர் ரிச்சர்ட் மூர், பசியில் நலிந்தவர்களில் சுமார் 150 பேரைக் கூப்பர்ஸ் தீவுக்கு அனுப்பினார். பன்றி எட்டாத அத்தீவில் கஹாவ்கள் மொய்த்துக் கிடந்தன. பட்டினி கிடந்தவர்கள் அளவு மீறித் தின்றதில் மனிதரும் மாண்டார்கள், பறவையும் மாண்டது. 1616-ஐ ஒட்டி, அடுத்த ஆளுநர் டேனியல் டக்கர் காலத்தில், கஹாவைச் சூறையாடுவதற்கு எதிராக ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. ஐரோப்பியக் குடியேற்றங்களில் காட்டுயிர் பாதுகாப்புக்காகப் போடப்பட்ட மிகப் பழைய ஆணைகளில் இதுவும் ஒன்று. ஆனால் அது வந்த நேரத்தில் காப்பதற்கு மிச்சம் அதிகம் இல்லை. எலிக்கும் பூனைக்கும் நாய்க்கும் ஆணை பொருந்தாது. 1620களுக்குப் பிறகு கஹாவை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை.

சட்டத்தால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பது இந்தப் பகுதியிலேயே விளங்கிவிடுகிறது. மனிதன் கையை ஆணை கட்டலாம். மனிதன் கொண்டுவந்து இறக்கிவிட்ட உயிர்களை அது கட்டாது. அதற்கு வேறு வேலை வேண்டும். அந்த வேலையைச் செய்ய ஆள் வர மேலும் 330 ஆண்டுகள் ஆயின.

மூன்று தடயங்கள், ஒரு சிறுவன்

முதல் தடயம் 1906-ல். காசில் தீவின் பாறை இடுக்கு ஒன்றில் லூயி மௌப்ரே என்ற இயற்கையியலாளர் ஒரு பெட்ரலை உயிரோடு பிடித்தார். நியூசிலாந்துப் பக்கத்து இனம் ஒன்று வழிதவறி வந்ததாக முதலில் எண்ணினார்கள். பழைய எலும்புகளும் கிடைத்த பிறகு, 1916-ல் அது தனி இனம் என்று அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டது. இரண்டாவது தடயம் 1935-ல். செயின்ட் டேவிட் கலங்கரை விளக்கத்தில் மோதி விழுந்த இளம்பறவை ஒன்று, அப்போது பெர்முடாவில் ஆழ்கடல் ஆய்வு நடத்திக்கொண்டிருந்த வில்லியம் பீபியிடம் வந்தது. அவர் அதை நியூயார்க்கிலிருந்த கடற்பறவை அறிஞர் ராபர்ட் குஷ்மன் மர்ஃபிக்கு அனுப்பினார். மர்ஃபி அதைக் கஹாவ் என்று இனம்கண்டார். மூன்றாவது தடயம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். கூப்பர்ஸ் தீவில் இறந்த பறவையின் மிச்சம் கிடைத்தது. எங்கோ சில உயிரோடு இருக்கின்றன என்பது அப்போது உறுதியாயிற்று.

1951 ஜனவரி 28 அன்று மர்ஃபி, 1906-ல் பறவை பிடித்தவரின் மகனான லூயி எஸ். மௌப்ரே ஆகியோர் ஒரு சிறு குழுவாகக் காசில் துறைமுகத்தின் வாயிலில் உள்ள பாறைத்திட்டுகளில் தேடினார்கள். ஆழமான ஒரு பாறைப் பிளவுக்குள் முட்டையின் மேல் அமர்ந்திருந்த பறவையை, கம்பின் நுனியில் சுருக்குக் கட்டி வெளியே எடுத்துப் பார்த்தார்கள். கஹாவ்தான். அந்தக் குழுவில் உள்ளூர்ப் பள்ளி மாணவன் ஒருவனும் இருந்தான். வயது 15. பெயர் டேவிட் விங்கேட்.

தொடர்ந்து நடந்த தேடல்களில் கணக்கிடப்பட்டவை மொத்தம் 18 இணைகள். அவை வாழ்ந்த நான்கு பாறைத்திட்டுகளையும் சேர்த்தால் இரண்டு மூன்று ஏக்கருக்கு மேல் வராது. உலகிலிருந்த கஹாவ் முழுவதும் அவ்வளவுதான்.

பலகையில் ஒரு துளை

இந்த 18 இணைகளை அப்படியே விட்டிருந்தால் அவை அழிந்திருக்கும். காரணம் அவை இருந்த இடம். பாறையில் மண் இல்லை; வளை தோண்ட முடியாது. அதனால் அலை அரித்த பொந்துகளிலும் பிளவுகளிலும் முட்டையிட்டன. அந்தப் பொந்துகளோ வேறொரு பறவைக்கு உரியவை. உள்ளூரில் லாங்டெயில் எனப்படும் வெண்ணிற நெடுவால் பறவை காலங்காலமாக அங்கேதான் கூடு வைக்கிறது. கஹாவ் குஞ்சு பொரித்துச் சில நாளே ஆகியிருக்கும் மார்ச் மாதத்தில் லாங்டெயில் வந்து சேரும். தாய்ப்பறவை இரை தேடிக் கடலுக்குப் போயிருக்கும் பகல் பொழுதில் பொந்துக்குள் நுழைந்து, குஞ்சைக் கொத்திக் கொன்றுவிட்டுக் குடியேறும். பொரித்த குஞ்சுகளில் பாதிக்கும் மேல் இப்படியே போய்க்கொண்டிருந்தன.

இதில் லாங்டெயிலைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் பெர்முடாவின் பூர்வீகப் பறவை. தன் வீட்டுக்குத்தான் அது திரும்பி வருகிறது. முன்பு கஹாவ் காட்டு மண்ணிலும் லாங்டெயில் கடலோரப் பாறையிலுமாக, ஒன்றின் வழியில் மற்றது குறுக்கிடாமல் வாழ்ந்தன. மனிதன் மண்ணிலிருந்து துரத்தியதால்தான் கஹாவ் பாறைக்கு வந்து, இயல்பில் இல்லாத ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டது.

தீர்வு 1950களில் ரிச்சர்ட் தோர்செல் என்ற இளம் உயிரியலாளருக்குத் தோன்றியது. லாங்டெயில் கஹாவைவிடச் சற்றே பருமன். பொந்தின் வாயை ஒரு மரப்பலகையால் அடைத்து, அதில் கஹாவ் மட்டும் நுழையும் அளவுக்கு நீள்வட்டத் துளை போட்டால்? சொல்ல எளிது, செய்வது கடினம். இரண்டு பறவைக்கும் உள்ள வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். துளை கொஞ்சம் பெரிதானால் லாங்டெயில் உடலை நெளித்து உள்ளே போய்விடும். கொஞ்சம் சிறிதானால் கஹாவே தன் கூட்டை விட்டுப் போய்விடும். ஒவ்வொரு பொந்தின் வாயும் ஒவ்வொரு வடிவம். அலையும் உப்புக்காற்றும் அடிக்கும் பாறையில் தொங்கியபடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பலகை செதுக்கிப் பொருத்த வேண்டும். புயலில் பெயர்ந்தால் மறுபடி பொருத்த வேண்டும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து முடித்து ஊர் திரும்பிய விங்கேட் இந்த வேலையைக் கையில் எடுத்தார். துளையின் அளவைச் சரிபார்த்து எல்லாப் பொந்துகளுக்கும் பலகை பொருத்தியதும் லாங்டெயிலால் குஞ்சு சாவது ஏறத்தாழ நின்றது. அடுத்து, பொந்து போதாமல் போனது. பாறையில் குழிவெட்டி, சிமென்ட்டால் வளைந்த சுரங்கப்பாதை அமைத்து, கோடியில் அறையும் அதன்மேல் திறந்து பார்க்க மூடியும் வைத்துச் செயற்கைப் பொந்துகளைக் கட்டினார். பாதை வளைந்திருந்தால்தான் அறைக்குள் வெளிச்சம் புகாது. மூடி இருந்தால்தான் முட்டையையும் குஞ்சையும் பார்த்து, எடைபோட்டு, காலில் வளையம் மாட்ட முடியும். பறவைகள் அந்தச் சிமென்ட் வளைகளை ஏற்றுக்கொண்டன.

கரையில் யாரும் தெளிக்காத நஞ்சு

பலகை பொருத்தியாயிற்று, குஞ்சுகள் கொல்லப்படவில்லை. ஆனாலும் 1960களில் குஞ்சுகளின் எண்ணிக்கை கூடவில்லை, குறைந்தது. முட்டைகள் பொரிக்கவில்லை. பொரித்தவையும் சில நாளில் செத்தன. பொரிக்காத முட்டைகளையும் இறந்த குஞ்சுகளையும் சோதித்தபோது அவற்றில் சராசரியாகப் பத்து லட்சத்தில் 6.44 பங்கு டிடிடி என்ற பூச்சிமருந்தின் எச்சம் இருந்தது. சார்லஸ் வர்ஸ்டரும் விங்கேட்டும் சேர்ந்து 1968-ல் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். இனப்பெருக்கம் ஆண்டுக்கு 3.25 விழுக்காடு வீதம் குறைந்துவருகிறது, இதே போக்கு நீடித்தால் 1978-ல் அது முற்றிலும் நின்றுவிடும் என்று அக்கட்டுரை கணக்கிட்டது.

அந்தக் கட்டுரையின் முக்கியத்துவம் கஹாவோடு முடியவில்லை. வயலருகே வாழும் பறவையின் உடலில் பூச்சிமருந்து இருந்தால், அக்கம்பக்கத்தில் தெளித்ததால் வந்தது என்று உற்பத்தியாளர்கள் வாதாட முடிந்தது. கஹாவோ எந்த வயலையும் பார்த்ததில்லை. நடுக்கடலில் இரை தேடி, மக்கள் குடியிருப்பில்லாத பாறையில் முட்டையிடும் பறவை. அதன் உடலுக்கு டிடிடி வர ஒரே வழி கடல்தான். கண்டங்களில் தெளித்த மருந்து கடலில் கலந்து, நுண்ணுயிரில் தொடங்கி மீன், கணவாய் என்று படிப்படியாகச் செறிந்து, உணவுச் சங்கிலியின் உச்சியில் இருந்த இந்தப் பறவையில் வந்து தேங்கியிருந்தது. ஒரு பெருங்கடலே மாசுபட்டதற்கான சாட்சியாகக் கஹாவ் நின்றது. டிடிடிக்கு எதிராக அன்று அமெரிக்காவில் நடந்த வாதங்களில் இந்த ஆதாரத்துக்கு இடம் இருந்தது. 1972-ல் அந்நாடு டிடிடி பயன்பாட்டைத் தடைசெய்தது. அதன்பின் கஹாவ் குஞ்சு பொரிக்கும் வீதம் மெல்ல மேலேறியது.

இதே காலத்தில் அருகிலிருந்த அமெரிக்க ராணுவ விமான தளத்தின் விளக்குகள் இருட்டில் மட்டுமே இணைதேடும் பறவைகளைக் குலைத்தன. 1987-ல் வடதுருவப் பக்கத்திலிருந்து வழிதவறி வந்த ஒரு பனி ஆந்தை ஐந்து கஹாவ்களைத் தின்றுவிட்டது. அதை விங்கேட் சுட வேண்டியதாயிற்று. இணைகளை விரல்விட்டு எண்ணும் நிலையில் இருக்கும் ஓர் இனத்துக்கு ஐந்து பறவை என்பது பேரிழப்பு.

ஒரு தீவை முதலிலிருந்து வளர்த்தல்

பலகையும் சிமென்ட் வளையும் உயிரைப் பிடித்து வைக்கும் ஏற்பாடுகள். அவற்றாலேயே கஹாவ் பெருக முடியாது என்பதை விங்கேட் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். பாறைத்திட்டில் இடமில்லை, சூறாவளி வந்தால் அலை முழுத்திட்டையும் மூழ்கடிக்கும். பறவை மண்ணுக்குத் திரும்ப வேண்டும். திரும்ப மண் இருக்க வேண்டும்.

அதற்கு அவர் தேர்ந்தது நான்சச் தீவு. பரப்பு 15 ஏக்கர் அளவு. கடல்மட்டத்திலிருந்து போதிய உயரம், வளை தோண்ட ஆழமான மண். ஒரு காலத்தில் மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைத்த இடம். பிறகு பீபியின் ஆய்வு முகாம். பிறகு சிறுவர் சீர்திருத்தப் பள்ளி. 1962-ல் விங்கேட் அங்கே குடும்பத்தோடு குடியேறியபோது தீவு பாழாய்க் கிடந்தது. 1940களில் தற்செயலாக வந்து சேர்ந்த செதில்பூச்சி பெர்முடாவின் செடார் மரங்களில் 95 விழுக்காட்டைக் கொன்றிருந்தது. நான்சச்சில் பட்ட மரங்களே நின்றன. மிச்சமிருந்த பசுமையை ஆடுகள் மேய்ந்திருந்தன.

ஆயிரக்கணக்கில் நாற்று நட்டார். செடார், பால்மெட்டோ பனை, ஆலிவ்வுட் என்று பெர்முடாவுக்கே உரிய மரங்கள் மட்டும். அந்த நாற்றுகள் உப்புக்காற்றில் கருகாமலிருக்க முதலில் சவுக்கு நட்டார். நம் கடற்கரைகளில் காற்றுத்தடுப்பாக நிற்கும் அதே சவுக்குதான். நாட்டு மரங்கள் வேர்பிடித்து உயர்ந்த பிறகு அந்தச் சவுக்குகளை அகற்றினார். நிலநண்டுகள் மிதமிஞ்சிப் பெருகியிருந்தன. அவற்றைத் தின்றுவந்த பூர்வீக இராக்கொக்கு இனம் முன்பே அழிந்துவிட்டது. அதற்கு நெருங்கிய உறவான மஞ்சள் கொண்டை இராக்கொக்கின் குஞ்சுகளை 1970களில் புளோரிடாவிலிருந்து கொண்டுவந்து, நண்டிறைச்சி ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்டார். இன்று அவை பெர்முடா எங்கும் கூடுகட்டுகின்றன. எலி நீந்திக் கரையேறாமல் தீவைச் சுற்றிக் கண்காணிப்பு வைக்கப்பட்டது.

இவ்வளவும் செய்தபோது நான்சச்சில் ஒரு கஹாவ்கூட இல்லை. வராமலே போகக்கூடிய ஒரு பறவைக்காக ஒருவர் நாற்பது ஆண்டுக் காலம் காடு வளர்த்தார். பாதுகாப்புப் பணியில் இதற்கு ஈடான பொறுமை அபூர்வம். 1966-ல் பெர்முடா அரசு அவரை இயற்கைப் பாதுகாப்பு அதிகாரியாக நியமித்தது. 2000-ல் ஓய்வுபெறும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அப்போது இணைகளின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியிருந்தது. எல்லாம் இன்னும் பாறைகளிலேயே.

குஞ்சு மண்ணை மனப்பாடம் செய்யும் இரவுகள்

கஹாவ் பிறந்த இடத்துக்கே திரும்பும் என்றால், பாறையில் பிறந்தது பாறைக்கே திரும்பும். நான்சச்சில் எவ்வளவு நல்ல மண் இருந்தாலும் அது தானாக வராது. இந்த முடிச்சை அவிழ்த்தது விங்கேட்டுக்குப் பின் பொறுப்பேற்ற ஜெரிமி மதீரோஸ். வழி ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைத்தது. நிக்கோலஸ் கார்லைல், டேவிட் பிரிடெல் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே கூல்ட்ஸ் பெட்ரல் என்ற உறவினத்தின் குஞ்சுகளை ஒரு தீவிலிருந்து பக்கத்துத் தீவுக்கு மாற்றி வெற்றி கண்டிருந்தார்கள்.

இதன் அடிப்படை நுட்பமானது. குஞ்சு இரண்டரை மாதம் இருட்டறைக்குள்ளேயே கிடக்கிறது. வெளியுலகத்தை அது பார்ப்பது கடலுக்குப் போவதற்கு முந்தைய சில இரவுகளில்தான். அப்போது வளைக்கு வெளியே வந்து சிறகை அடித்துப் பழகும். பக்கத்து மேட்டிலோ மரத்திலோ ஏறும். வானத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்க்கும். பிறந்த இடம் எது என்பது அதன் நினைவில் பதிவது அந்த இரவுகளில். எனவே அதற்கு முன்பே, ஏறக்குறைய மூன்று வாரம் மீதமிருக்கும்போது குஞ்சை எடுத்து நான்சச்சின் செயற்கை வளையில் வைத்தால், அது நான்சச்சையே தன் பிறப்பிடமாக மனத்தில் கொள்ளும். மிக முன்னதாக எடுத்தால் தாய் தந்தையரின் உணவில்லாமல் நலியும். தாமதித்தால் பாறை நினைவில் பதிந்துவிடும்.

2004 முதல் 2008 வரை ஒவ்வொரு கோடையிலும் இந்த வேலை நடந்தது. இறகு எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எடை எவ்வளவு என்று அளந்து நாள் குறித்து, குஞ்சைப் படகில் நான்சச்சுக்குக் கொண்டுவருவார்கள். கணவாயும் நெத்திலி வகை மீனும் நறுக்கிக் கையால் ஊட்டுவார்கள். அது கடலுக்குப் போகும் இரவுவரை தினமும் எடை பார்ப்பார்கள். நூற்றுக்குச் சற்று அதிகமான குஞ்சுகள் இப்படி மாற்றப்பட்டன. ஏறத்தாழ எல்லாமே நலமாகப் பறந்து போயின. இந்தத் திட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, 2003 செப்டம்பரில், ஃபேபியன் சூறாவளி பாறைத்திட்டுகளை அலைகளால் மூடிப் பொந்துகள் பலவற்றைச் சிதைத்திருந்தது. பறவைகள் கடலில் இருக்கும் மாதம் என்பதால் உயிர்கள் தப்பின. பாறையை இனி நம்ப முடியாது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டது.

பிறகு காத்திருப்பு. பழைய கஹாவ்களின் இணைதேடும் ஓலத்தைப் பதிவுசெய்து, இரவுகளில் நான்சச்சிலிருந்து ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். 2008-ல், காலில் வளையம் மாட்டி அனுப்பிய பறவைகள் வரத் தொடங்கின. 2009-ல் ஓர் இணை அங்கே முட்டையிட்டது. முட்டை பொரித்தது. அந்த ஜூனில் குஞ்சு கடலுக்குப் பறந்தது. நான்சச் மண்ணில் கஹாவ் வளர்ந்து பறந்தது 1620களுக்குப் பிறகு அதுவே முதல்முறை. 'சீ வென்ச்சர்' மோதிய ஆண்டிலிருந்து கணக்கிட்டால் சரியாக 400 ஆண்டுகள்.

இன்றைய நிலை

2012-ல் இணைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பிந்தைய கணக்கெடுப்புகளில் அது 150-ஐயும் கடந்துவிட்டது. 2013-ல் நான்சச்சின் வேறொரு பகுதிக்குக் குஞ்சுகளை மாற்றும் இரண்டாம் கட்டம் தொடங்கி அங்கும் இணைகள் நிலைகொண்டன. காலில் பொருத்திய சிறு பதிவுக் கருவிகள், இப்பறவைகள் வளைகுடா நீரோட்டத்தின் வழியே வடக்கிலும் அசோர்ஸ் தீவுகளை அடுத்த கடல்வரை கிழக்கிலும் சென்று இரை தேடுவதைக் காட்டின. வளைக்குள் வைத்த அகச்சிவப்புக் கேமரா வழியாக முட்டை பொரிவதை உலகெங்கும் மக்கள் நேரலையில் பார்க்கிறார்கள்.

இருந்தாலும் கஹாவ் இன்றும் அழியும் அபாயத்திலுள்ள இனம்தான். பறவைகளில் பல இன்னும் பழைய பாறைத்திட்டுகளிலேயே முட்டையிடுகின்றன. கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது. 2014 அக்டோபரில் ஃபே, கொன்சாலோ என்ற இரு புயல்கள் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துப் பெர்முடாவைத் தாக்கின. ஒவ்வொரு பெரும்புயலுக்குப் பிறகும் பொந்துகளைப் பழுதுபார்த்து, பெயர்ந்த பலகைகளை மீண்டும் பொருத்த வேண்டியிருக்கிறது. எலி ஒன்று நீந்தி வந்தாலும் ஒரு பருவத்துக் குஞ்சுகள் போய்விடலாம். பூச்சிமருந்துக்குப் பதிலாக இப்போது பிளாஸ்டிக் கடலில் மிதக்கிறது.

கஹாவின் வரலாற்றில் நாயகர்களைத் தேடினால் கிடைப்பார்கள். 15 வயதில் பார்த்த பறவைக்காக ஆயுளையே கொடுத்த ஒருவர், அவர் வளர்த்த காட்டுக்குப் பறவையைக் கொண்டுவந்த இன்னொருவர். அவர்களை வியப்பது நியாயம்தான். ஆனால் வியப்போடு நின்றுவிட்டால் பாடம் கைநழுவிப் போகும். விங்கேட் 2000-ல் ஓய்வுபெற்றபோது அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்தார் என்பதே இதில் ஆகப் பெரிய செய்தி. அரசு அந்தப் பதவியை வைத்திருந்தது, ஊதியம் கொடுத்தது, 15 ஏக்கர் நிலத்தை வேறு எதற்கும் ஒதுக்காமல் அரை நூற்றாண்டு விட்டுவைத்தது. ஒரே ஓர் இடத்தில் இந்தத் தொடர்ச்சி அறுந்திருந்தாலும் நாற்பது ஆண்டுக் காடு பறவையில்லாத காடாகவே நின்றிருக்கும்.

அரிய பறவை ஒன்று மீண்டும் காணப்பட்டது என்ற செய்தியை நாம் அவ்வப்போது படிக்கிறோம். படம் எடுக்கிறோம், பகிர்கிறோம். மூன்றாண்டுத் திட்டம் ஒன்று அறிவிக்கப்படுகிறது. பணம் தீர்ந்ததும் முடிகிறது. இருபது ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய, ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் ஓர் உயிரை மூன்றாண்டுத் திட்டத்தால் மீட்க முடியாது. கஹாவ் அதற்குக் கணக்கோடு சாட்சி சொல்கிறது: கண்டுபிடிக்க ஒரு நாள், வீடு திரும்ப 58 ஆண்டுகள். உயிரைக் காக்க விரும்பும் எந்த நாடும் முதலில் ஒதுக்க வேண்டியது அதற்கான நிலத்தையும், அந்த நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்ளும் ஆளையும்தான்.